பன்னிரண்டாவது படம்

காலை ஆறரை மணிக்கு அண்ணனூர் ரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால், அவ்வூரின் வாழ்வு முழுவதும் ஒரே நடைமேடையில் கூடி நிற்பதுபோலத் தோன்றும். ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் இடையே அமைந்த சிறிய நிலையம் அது. அருகிலேயே மின்சார ரயில் பணிமனை இருக்கிறது. இரவு வேலை முடித்துக் கண் எரிச்சலோடு திரும்புவோர் ஒருபுறம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு உணவுப் பாத்திரத்தோடு புறப்படுவோர் மறுபுறம். பள்ளிப் பிள்ளைகளும், பூக்காரப் பெண்களும், கீரைக் கட்டுகளைக் கோணியில் சுமந்து வருவோரும் இவர்களுக்கிடையே நெருக்கி நிற்பர். அக்கூட்டத்தில், தோளில் அகன்ற வரைபலகையும் கழுத்தில் பழைய கேமரா ஒன்றும் தாங்கிய ஒரு மாணவியை நான் பலமுறை கண்டதுண்டு. சென்னையிலுள்ள கலைக் கல்லூரி ஒன்றில் ஓவியம் பயில்பவள் அவள். அவளுடைய பெயரையும் கல்லூரியின் பெயரையும் கூறாமல் விடுகிறேன். அதற்குரிய காரணம் கட்டுரையின் முடிவில் வாசகர்களுக்கே விளங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுடைய தந்தை என்னைக் காண வந்தார். தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக லேத் இயந்திரத்தில் உழைப்பவர், அதிகம் பேசாதவர். அன்று மட்டும் மனம் திறந்தார்.

“சாமி, நீங்கதான் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னேன், கேட்கவில்லை. சரியென்று படம் வரையச் சேர்த்துவிட்டேன். இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா சாமி?”

நம் குடும்பங்களில் எத்தனையோ பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இதனை எள்ளி நகையாடுதல் தகாது. வறுமையைக் கண்டு வளர்ந்தவர்கள் தம் மக்கள் அதனைக் காணலாகாது என்று அஞ்சுவது அன்பின் அச்சமே. ஆயினும் அவளிடம் எதையும் சொல்லுமுன், அவள் ஸ்டேஷன் வாசலில் என்னதான் செய்கிறாள் என்பதை அறிந்துகொள்வது நல்லது என எனக்குப் பட்டது.

சொற்களில்லாத கதை

அவளுக்குத் தரப்பட்டிருந்த பயிற்சி கேட்பதற்கு எளியது. தன் ஊரைப்பற்றி 12 புகைப்படங்களில் ஒரு கதை சொல்லவேண்டும். படங்களின் கீழே ஒரு சொல்லும் எழுதுதல் கூடாது. பார்ப்பவர் முதற்படத்திலிருந்து இறுதிப்படம்வரை சென்று, யாருடைய கதை, என்ன நேர்ந்தது என்பதைத் தாமே உணரவேண்டும்.

படங்களால் கதை சொல்லுதல் நமக்குப் புதியதன்று. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாம் சுற்றிவரும் சிலுவைப்பாதையே அத்தகைய கதைதான். அதன் நிலைகள் 14 என்று 1731-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து வரையறுத்தார். எழுத்தறியாத பாட்டியும் மழலை பேசும் பேரனும் அப்படங்களைப் பார்த்தே கதையைத் தொடர்கின்றனர். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே நடந்ததை நம் உள்ளமே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில், ஆலயத்துப் படங்களை உடைத்த மார்செய் நகர ஆயருக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மடல் எழுதினார். எழுத்தறிந்தோர்க்கு நூல் எத்தகையதோ அத்தகையதே எழுத்தறியாதோர்க்குப் படம் என்பது அம்மடலின் கருத்து.

நம் மாணவி இதையெல்லாம் எண்ணவில்லை. இளமைக்குரிய வேகத்தோடு இரண்டே நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டாள். சூரியன் உதிக்கும் தண்டவாளம், வண்டியில் தொங்கும் இளைஞர், மழைநீர்த் தேக்கத்தில் விழுந்த நிலையத்தின் நிழல் என ஒவ்வொன்றும் கண்ணுக்கு இனியது. சாலைக்கு அப்பாலிருந்து, தொலைவை அண்மையாக்கும் லென்சைக்கொண்டு, கீரை விற்கும் முதியவள் ஒருத்தியையும் எடுத்திருந்தாள். விற்காத கட்டுகள் முன்னே வாடிக் கிடக்க, அம்மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் படம் அது. அதுவே தன் படங்களில் தலைசிறந்தது என்பதில் அவளுக்கு ஐயமேயில்லை.

ஆசிரியர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “இந்த அம்மா எந்தக் கையால் கட்டு கட்டுவார்கள்?”

அவளுக்குத் தெரியவில்லை.

“அப்படியானால் நீ இவர்களை இன்னும் பார்க்கவில்லை. கேமராவை ஒரு வாரம் வீட்டில் வைத்துவிடு. பென்சிலோடு போய் உட்கார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பென்சில் கற்பித்த பொறுமை

தந்தையை வருத்திய காட்சி இதிலிருந்துதான் தொடங்கிற்று. ரயில் நிலைய வாசலில், வேப்பமர நிழலில், கீரைக்கார ஆயாவுக்கு நான்கு முழம் தள்ளி அவள் தரையில் அமர்ந்தாள்.

கேமரா ஒரு காட்சியை நொடியின் 125-இல் ஒரு பங்கில் பிடித்துவிடும். கைக்கு அவ்வேகம் கிடையாது. ஒரு விரலை வரைய ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கலைக் கல்லூரிகளில் இதற்கென்றே சில பயிற்சிகள் உள்ளன. உட்கார்ந்திருப்பவர் அசைவதற்குள், அவர் உடல் எப்பக்கம் சாய்கிறது, பாரம் எக்காலில் தங்குகிறது என்பதை மட்டும் அரை நிமிடத்தில் சில கோடுகளால் குறித்துக்கொள்வது ஒன்று. தாளைப் பாராமல், பொருளின் விளிம்பிலேயே கண்ணை ஓட்டி, கண் செல்லுமிடமெல்லாம் பென்சிலைச் செலுத்துவது மற்றொன்று. அப்படி வரைந்தது கோணலாகத்தான் வரும். ஆனால் கண் ஏமாற்றாமல் பார்க்கப் பழகும். மூன்றாவது பயிற்சி, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரைவது. இடுப்பில் கையூன்றி நிற்பவரின் கைக்கும் உடலுக்கும் இடையே தெரியும் முக்கோண வெளியைச் சரியாக வரைந்துவிட்டால், கை தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பொறுமை அறிமுகமானதே. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற பி. எம். சீனிவாசன் என்பவரை ‘சில்பி’ என்ற பெயரில் ஆனந்த விகடன் வாசகர்கள் நன்கறிவர். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தொடருக்காக ஊர் ஊராகச் சென்று, கோயில்களில் சிற்பங்களின் முன்னே அமர்ந்து வரைந்தவர் அவர். அவர் தீட்டிய கற்சிலையின் நகக்கண்ணிலும் உயிர் இருந்தது என்றால், அவ்வளவு நேரம் அதன்முன் அவர் அமர்ந்திருந்ததே காரணம்.

முதல் நாள் ஆயா இவளைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள், “என்னாத்த பாப்பா கிறுக்குற?” என்று கேட்டாள். மூன்றாம் நாள் ஏட்டை வாங்கிப் பார்த்து, “இது என் கையா? இம்மாம் பெருசா இருக்குது” என்று சிரித்தாள். நான்காம் நாள் தன் கோணியில் பாதியை விரித்து, “தரை சுடுது, இதுல குந்து” என்று இடம் கொடுத்தாள்.

அதன்பின் மாணவி கற்றுக்கொண்டவை பல. ஆயா திருவள்ளூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதல் வண்டியில் வருகிறாள். அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று வகை பிரித்து அடுக்குவாள், வாழைநாரால் கட்டுவாள். இடக்கையால் கட்டைப் பிடித்து, வலக்கைப் பெருவிரலால் நாரை உள்ளே செருகுவாள். அவ்விரலின் நகம் பச்சையேறிக் கறுத்துவிட்டது. வேப்பமர நிழல் நகர நகர அவளும் நகர்வாள். காலையில் மரத்துக்கு மேற்கே இருந்தவள், பிற்பகலில் கிழக்கே போய்விடுவாள். முந்நூறு புகைப்படங்களில் காணாத செய்தி இது. ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து வரைந்ததால், நிழலோடு தானும் நகரவேண்டியிருந்ததால், அவளுக்குத் தெரிந்தது.

வரைந்த கையில் மீண்டும் கேமரா

ஒரு வாரம் கழிந்தது. இம்முறை அவள் முதலில் தாளில் தீப்பெட்டி அளவில் 12 கட்டங்கள் வரைந்தாள். எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் என்று அவற்றில் சிறு கோடுகளால் குறித்தாள். திரைப்படத் துறையினரும் இவ்வாறே செய்கின்றனர். சத்யஜித் ரே 1940 முதல் 1942 வரை சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றவர். 1955-இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ படத்தை எடுக்கப் புறப்பட்டபோது, அதன் காட்சிகளை வரிசையாகப் படங்களாகவே ஓர் ஏட்டில் வரைந்து, அதைத்தான் முதலீடு தேடிச் சென்ற இடங்களில் காட்டினார். அதற்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா, அதற்குமுன் திரைப்படக் கேமராவைத் தொட்டறியாத இளம் புகைப்படக்காரர்.

வரைதலுக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு பழமையானது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து வளர்ந்தது. புகைப்படக்கலை உலகுக்கே புதிதாக இருந்த அக்காலத்திலேயே அங்கே அது கற்பிக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டு ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோன் (1908–2004) ஓவியம் பயின்று புகைப்படத்துக்கு வந்தவர். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சிறிது நேரம் முன்பு அவரைச் சந்தித்தார்; அதன்பின் நாட்டின் கண்ணீரைத் தம் கேமராவில் பதிவு செய்தார். அத்தகையவர் முதுமையில் கேமராவை ஒதுக்கிவைத்து மீண்டும் பென்சிலையே கையிலெடுத்தார்.

நம் மாணவியின் வரிசையில் முதற்படம் தொலைவிலிருந்து எடுத்தது: விடியலில் நிலையமும் மரமும், மரத்தடியில் ஒரு புள்ளிபோல ஆயாவும். அடுத்தவை சற்று நெருங்கியவை: கோணியைப் பிரிக்கும் உடல், நீர் தெளிக்கும் கை. அதன்பின் மிக நெருங்கியவை: நாரைச் செருகும் கறுத்த நகம், சில்லறை எண்ணும் உள்ளங்கை, வெடித்த குதிகால். தொலைவிலிருந்து பார்த்தால் இடம் தெரியும். நடுவிலிருந்து பார்த்தால் செயல் தெரியும். நெருங்கிப் பார்த்தால் மனிதர் தெரிவர். மூன்றையும் முறையறிந்து அடுக்கினால் கதை பிறக்கிறது. மேற்கேயிருந்த நிழல் படத்துக்குப் படம் கிழக்கே நகர்வதால், பொழுது கழிவதைச் சொல்ல ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

பதினொரு படங்கள் சேர்ந்தன. பன்னிரண்டாவதற்கு அவளிடம் முன்பே படம் இருந்தது: கண்ணைத் துடைக்கும் அம்முகம். கதையின் உச்சிக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

ஆயா கேட்டது

கல்லூரிக்குக் கொண்டுசெல்லுமுன் எல்லாவற்றையும் ஆயாவிடம் காட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆயா தன் கையையும் காலையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். இறுதிப்படம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“இது எப்ப புடிச்ச?”

“முதல் நாள், ஆயா. அந்தப் பக்கத்துல நின்னு.”

சற்று நேரம் ஆயா ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: “என் பொண்ணைக் குடுத்த எடத்துல, நான் தெருவுல குந்தி விக்கிறது தெரியாது கண்ணு. கடையில வேலைன்னு சொல்லி வெச்சிருக்கா. இது எங்கனா சுவத்துல மாட்டுனா, யாரு கண்ணுலனா பட்டா, அவளுக்குத்தான் சொல்லு வரும். கையை வெச்சுக்கோ, காலை வெச்சுக்கோ. மொகம் வேணாம்.”

அப்போது அவளுக்குள் எழுந்த போராட்டத்தை மாணவி என்னிடம் மறைக்கவில்லை. படம் கல்லூரிச் சுவரில்தானே இருக்கப்போகிறது, அண்ணனூருக்கு யார் கொண்டுவரப் போகிறார்கள் என்று ஒரு மனம் சொல்லிற்று. உண்மையைத்தானே காட்டுகிறோம், இதில் பிழையென்ன என்றும் அதே மனம் வாதிட்டது. ஆனால் அப்படத்தை எடுத்தபோது ஆயா அவளைப் பார்க்கவில்லை. அவளும் உண்மையில் ஆயாவைப் பார்க்கவில்லை. சாலைக்கு அப்பாலிருந்து, கேளாமல், ஒருவருடைய கண்ணீரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கோணியில் இடம் கொடுத்த கைக்கு அது கைம்மாறாகுமா?

ஆயாவின் கண்முன்னே அப்படத்தையும், அன்று எடுத்த மற்ற முகப்படங்களையும் அழித்துவிட்டாள்.

மனிதர்களைப் படம் பிடிக்கும் எவருக்கும் இச்சோதனை வரும். மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமாரின் பணியை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். கழிவகற்றும் தொழிலாளர்களின் துயரைத் தொடர்ந்து படம் பிடித்து வருபவர் அவர். 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மீன் விற்றுத் தம்மை வளர்த்த தாயையும் அவர் படம் பிடித்திருக்கிறார். தாயை எடுக்கும் கண்ணோடு பிறரையும் எடுக்க ஒருவர் கற்றுக்கொண்டால், எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்பதை வேறு யாரும் அவருக்குக் கற்பிக்கத் தேவையில்லை.

வெற்றிடத்தில் ஒரு கோட்டோவியம்

பன்னிரண்டாவது இடம் வெறுமையாயிற்று. மறுநாள் மாலை ஆயா ஊர் திரும்பும் வண்டிக்காக நடைமேடையில் காத்து நின்றாள். வெற்றுக் கோணியை மடித்துத் தலைமேல் போட்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் வளைந்த முதுகும், கோணியின் மடிப்பும், தொங்கும் வலக்கையும்தாம் தெரிந்தன. மாணவி கேமராவைத் தொடவில்லை, ஏட்டை எடுத்தாள். வண்டி வர எட்டு நிமிடம் இருந்தது. அந்த எட்டு நிமிடத்தில் வரைந்த கோட்டோவியத்தையே பன்னிரண்டாவது படமாக வைத்தாள்.

ஆசிரியர் அவ்வோவியத்தின்முன் நெடுநேரம் நின்றார். 12 புகைப்படங்கள் என்பது விதி. அவள் தந்தவை 11. ஆகவே மதிப்பெண் சிறிது குறைந்தது. அதைப்பற்றி அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வரிசை முழுவதையும் வகுப்பறைச் சுவரில் மாட்டியபோது, மற்ற மாணவர்கள் அந்தக் கடைசித் தாளின் முன்னேதான் கூடி நின்றார்கள் என்று மட்டும் சொன்னாள்.

தந்தைக்கு நான் என்ன விடை சொன்னேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கே. சி. எஸ். பணிக்கரின் வரலாற்றைச் சொன்னேன். தந்தையை இழந்து, குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர் அவர். பின்னரே சென்னைக் கலைப்பள்ளியில் சேர்ந்து, 1957-இல் அதன் முதல்வராகவே உயர்ந்தார். 1966-இல் அவர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே நிலம் வாங்கினர். படம் வரைவோர் சோற்றுக்கு வழி தேடாத சோம்பேறிகள் அல்லர் என்பதற்கு இது சான்று. ஆயினும் ஒவ்வொருவருக்கும் இவ்வழி எளிதாகும் என்று நான் உறுதி கூறவில்லை; கூறுவதற்கும் இயலாது.

என் சொற்களைவிட மகளின் ஏடுதான் அவரிடம் பேசிற்று. ஒரு மாலை, ஆயாவின் கை வரைந்திருந்த பக்கங்களை அவர் விளக்கடியில் புரட்டினார். ஒரே கையை முன்னிருந்தும், பக்கத்திலிருந்தும், மேலிருந்தும் வரைந்திருந்தாள். முப்பது ஆண்டுகளாக வரைபடம் பார்த்து இரும்பைக் கடைபவர் அல்லவா? ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடர்ந்து சென்றார்.

“நார் எந்தப் பக்கம் நுழைகிறது என்று தெளிவாகத் தெரிகிறது. இதைப் பார்த்து நானே கட்டு கட்டிவிடுவேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய்?” என்று கேட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. மறுநாள் ஸ்டேஷன் வாசலைக் கடந்தபோது, முதன்முறையாக அந்த ஆயாவிடம் நின்று, இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தாராம்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் கேமராவும் இருக்கிறது. திருமணத்திலும், மருத்துவமனையிலும், இழவு வீட்டிலும் நாம் எண்ணாமல் படம் எடுக்கிறோம். எடுத்ததை மறுகணமே ஊரெங்கும் அனுப்பியும் விடுகிறோம். நம் பிள்ளைகளுக்கு ஒரு பென்சிலும் ஓர் ஏடும் வாங்கிக் கொடுப்போம். வீட்டுப் பாட்டியின் கையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையச் சொல்வோம். ஓவியராகாவிட்டாலும் குற்றமில்லை. அந்தப் பாட்டி எந்தக் கையால் என்ன செய்கிறாள் என்பது தெரிந்த பிறகு எடுக்கும் படம் வேறாக இருக்கும். சில வேளைகளில், எடுக்காமல் விடும் படமும் அதனால் தெரியவரும்.